எக்ஸ் ஐந்து, ஒய் ஏழு

"புத்தகத்துல தப்பா போட்டுகீறாங்க" என்றேன்.

மதிய லுஹர் தொழுகை முடிந்திருந்தது. காலையில் இடியாப்பம் விற்ற தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு சிலேட்டோடு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்து ராயபுரத்துக்கு ஒரு வாசனை உண்டு. மணலில் காயும் கருவாடும் துறைமுகத்து நிலக்கரிப் புகையும் கலந்து வரும். கொடியில் போட்ட வெள்ளைத் துணி மாலைக்குள் சாம்பல் பூத்துவிடும்.

என் வீட்டுக்காரர் காதர், கட்டுப் போட்ட காலைப் பலகைமேல் நீட்டியபடி, "எந்தக் கணக்கு?" என்றார்.

காட்டினேன்.

x + y = 12
x − y = 2

"எக்ஸு அஞ்சு, ஒய்யு ஏழு வருது. புத்தகத்துல பின்னால பாத்தா எக்ஸு ஏழு, ஒய்யு அஞ்சுன்னு கீது. அச்சுல மாத்திப் போட்டுட்டாங்க."

அவர் சிலேட்டை வாங்கிப் பார்த்தார். "அஞ்சும் ஏழும் பன்னண்டு. சரி. அஞ்சுலேர்ந்து ஏழு போனா ரெண்டு எப்டிமே வரும்?"

"ஏழுலேர்ந்து அஞ்சு போனா ரெண்டு வரும்ல?"

"வரும். கணக்கு அத்த கேக்கலயே."

"அத்தத்தான் கேக்குது. நல்லா பாருங்க."

பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் பார்த்தது ஒரே வரியை. அவர் சொன்னதில் அவர் நின்றார், நான் சொன்னதில் நான் நின்றேன்.

மூலையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டுக்கும் நடுவுல ரெண்டுதானேடா காதரு வித்தியாசம்? வுட்டுத் தள்ளுங்க. இதுக்குப் போய் இம்மாம் பேஜாரு!"

என்னால் விட்டுத் தள்ள முடியாது. மாமிக்கும் அது தெரியும்.

விழுந்த இடம்

நாடு விடுதலையாகிச் சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவார்கள். நானும் அப்படி நின்றவள்தான். பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையைத் தவிர இருந்தவர்கள் எல்லோரும் ஆண் வாத்தியார்கள். "நம்ம ஜனத்துல ஒரு பொம்பள டீச்சர் இருந்தா அனுப்புறோம்" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள்.

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியையைப் பெரிய டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாதா கோயிலுக்குப் பின்னால் தனியாகக் குடியிருந்த கிறிஸ்தவ அம்மாள். ஒருநாள் என் வாசலிலேயே வந்து நின்று, "எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியா எழுதிப் பாஸ் பண்ணு ஜொகரா. பயிற்சிப் பள்ளிக்கு நான் அனுப்புறேன். திரும்பி வந்து இங்கேயே வேலை பாரு" என்றார்.

எழுதினேன். தமிழ், சரித்திரம், பூகோளம் எல்லாம் தேறின. கணக்கு விழுந்தது.

எனக்கு நம்பவே முடியவில்லை. பரீட்சை முடிந்து வந்து, நன்றாகப் போட்டேன் என்று பெரிய டீச்சரிடம் சொல்லியிருந்தேன். வீட்டில் சர்க்கரை போட்டுப் பாத்திஹாகூட ஓதியாகிவிட்டது. விழுந்த காரணமாவது தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். அதுவும் தெரியவில்லை. சில கணக்கு வரும், சில கணக்கு வராது. ஏன் என்று சொல்ல யாரும் இல்லை.

மறு வருடம் காதருக்குக் காலில் அடிபட்டது. துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். சரக்கைத் தூக்கும்போது சங்கிலி அறுந்து, பெட்டி பாதத்தின்மேல் விழுந்தது. உயிர் நின்றதே அல்லாஹ்வின் கருணை. ஆனால் அவர் இனி வின்ச் பக்கம் போக முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பரீட்சை என்பது என் ஆசை மட்டுமாக இருக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் சேர வயது வரம்பு ஒன்று இருந்தது. அந்த வருடத்தோடு நான் அதைத் தாண்டிவிடுவேன். இந்த முறை கணக்கு தேறினால் எங்கள் வீட்டுக்கு ஒரு நிலையான சம்பளம், தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர். தேறாவிட்டால் ஆயுசுக்கும் இடியாப்பத் தட்டுதான்.

இடியாப்பத் தட்டைக் குறைவாகச் சொல்லவில்லை. ஹலாலான சோறு அது. ஆனாலும் ஒவ்வொரு தொழுகையிலும் நான் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

பத்லி ஆள்

காதர் மூன்றாம் ஃபாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முதல் முறை நான் படித்தபோது அவருக்கு வேலைக்குப் போகவும் வரவுமே நேரம் சரியாக இருந்தது. இப்போது வீட்டோடு இருந்ததால் வாத்தியார் வேலையை எடுத்துக்கொண்டார். நல்ல வாத்தியார்தான், கேலி மட்டும் கொஞ்சம் அதிகம்.

இரண்டு தெரியாத எண்கள், இரண்டு வரிகள். ஒரு வரியிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொரு வரியில் வைக்கும் முறைக்குப் பிரதியிடல் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தச் சொல் எனக்கு வாயிலேயே நுழையவில்லை.

"பத்லிமே, பத்லி!" என்றார். "ஆர்பர்ல ஒருத்தன் வர்லன்னா அவன் எடத்துல பத்லி ஆளப் போடுவோம்ல? அதான். எக்ஸு யாருன்னு தெரியாது. ஆனா ஒய்யவிட மூணு கூடன்னு ஒரு வரி சொல்லுது. அப்ப அடுத்த வரில எக்ஸு குந்திகினு இருக்கற எடத்துலேர்ந்து அவன எயுப்பிட்டு, ஒய்யும் மூணும்னு பத்லி போடு. இப்ப அந்த வரில எத்தினி பேரு?"

"ஒய்யு மட்டும்தான்."

"அப்ப புடிச்சுட்டியா?"

பிடித்துவிட்டேன். அன்றைக்கு அது எனக்கு அவ்வளவு அழகாகத் தோன்றியது. தெரியாத இரண்டு பேரில் ஒருவரை மற்றவரைக் கொண்டே சொல்லிவிடுவது. பிறகு அந்த ஒருவரும் தானாக வெளியே வந்துவிடுவது.

"பத்லிக்குக் கூலி குடுப்பியாமே?" என்று கேட்டுச் சிரித்தார். மாமிகூடச் சிரித்தார்.

ஒரே ஆள் இரண்டு முறை

ஆரம்பத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் வரியிலிருந்து எக்ஸை எடுத்து, திரும்ப அந்த முதல் வரியிலேயே வைத்துவிட்டேன். கடைசியில் பன்னிரண்டுக்குச் சமம் பன்னிரண்டு என்று வந்தது. சரியாக வந்துவிட்டது என்று சந்தோஷமாகக் காட்டினேன்.

"பன்னண்டு பன்னண்டுதான். அது எங்க அம்மாவுக்கே தெரியும்" என்றார்.

"என்னிய ஏன்டா இழுக்கிற?" என்றார் மாமி.

ஏன் அப்படி வந்தது என்று யோசித்தபோது எனக்கு எங்கள் நிக்காஹ் ஞாபகம் வந்தது.

எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும். மணப்பெண் வீட்டில் இருப்பாள். மணப்பெண் சார்பில் பேச வக்கீலாக ஒருவரும் சாட்சியாக இரண்டு பேரும் வந்து, திரைக்கு அந்தப் பக்கம் நின்று, "சம்மதமா?" என்று கேட்டுப் போக வேண்டும். அன்றைக்கு வக்கீல் வந்துவிட்டார். ஒரு சாட்சியும் வந்துவிட்டார். இன்னொருவர் என் பெரிய மாமா. அவர் கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டிக்கொண்டார். கூட்ஸ் வண்டி முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்ததாம், கேட் திறக்கவே இல்லை.

பிரியாணி ஆறுகிறது என்று எல்லோருக்கும் கவலை. திரைக்கு வெளியே யாரோ ஒருவர், "வந்த சாட்சியவே ரெண்டு தபா கேட்டுட்டுப் போவ சொல்லுங்கப்பா" என்றார்.

அதற்கு, நிக்காஹ் ஓதிவைக்க அவர்களோடு வந்திருந்த ஹஜ்ரத் சொன்ன பதில் எனக்குத் திரைக்குள்ளே கேட்டது. "ஒரே ஆளு ரெண்டு தபா சொன்னா ரெண்டு சாட்சி ஆவுமா? மொதல்ல சொன்னத்தத்தான் திரும்பச் சொல்லுவாரு. புதுசா இன்னா தெரியும்?"

மாமா வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது.

முதல் வரி சொன்னதை முதல் வரியிடமே கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும். அடுத்த வரியிடம் கொண்டுபோய்க் கேட்க வேண்டும். இதைக் காதரிடம் சொன்னதும், "எனக்கு எங்க வாத்தியாரு இவ்ளோ நல்லா சொல்லித் தர்ல" என்றார். அந்தத் தவறை அதற்கப்புறம் நான் செய்யவே இல்லை.

ஆனாலும் விடை மாறுவது நிற்கவில்லை.

கையைப் பார்த்தார்

அச்சுப் பிழை என்று நான் சொன்ன கணக்குக்குப் பிறகு, அதே மாதிரி இன்னும் இரண்டு கணக்கில் எக்ஸும் ஒய்யும் இடம் மாறின. புத்தகம் முழுக்க அச்சுப் பிழை இருக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது. தலைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலேட்டையும் துடைத்தேன்.

"ஒண்ணு செய்வோம்" என்றார் காதர். "நீ போட்டு முடிச்சதத்தான் இத்தினி நாளா பாத்துகினு கீறேன். இன்னிக்கு போடறப்பவே பாக்கறேன்."

அது அவருடைய தொழில் புத்தி. வின்ச் ஓட்டுகிறவர் சரக்கைப் பார்த்து ஓட்ட முடியாது. சரக்கு கப்பலின் அடியறையில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். மேலே விளிம்பில் ஓர் ஆள் நின்று, கீழே பார்த்துக் கையால் சைகை காட்டுவார். தூக்கு, நிறுத்து, இறக்கு. அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக அடுத்தவர் கையைப் பார்த்தே வேலை செய்தவர் அவர்.

"எய்து. எக்ஸுலேர்ந்து ஒய்யு போனா நாலு."

எழுதினேன்.

"நிறுத்து" என்றார். வின்ச் மேடையில் நிற்பதுபோல் கையை உயர்த்தினார். "கை எங்க ஆரம்பிச்சுது?"

"எங்க ஆரம்பிச்சுது?"

"சொல்லுமே. எக்ஸ எங்க போட்ட?"

பார்த்தேன். சிலேட்டின் வலது ஓரத்தில் எக்ஸ் இருந்தது. அதற்கு இடப்பக்கம் கழித்தல் குறி, அதற்கும் இடப்பக்கம் ஒய், கடைசியில் இடது ஓரத்தில் நாலு. நான் எழுதியது எனக்கு எக்ஸிலிருந்து ஒய்தான். அவருக்கு அது ஒய்யிலிருந்து எக்ஸ்.

நாலு வயதில் பிஸ்மில்லா சொல்லிக் குர்ஆன் ஓத உட்கார்ந்தவள் நான். வலமிருந்து இடமாகக் கண் ஓடப் பழகிய பிறகுதான் தமிழ் எழுத்தே எனக்கு வந்தது. அம்மாவுக்குக் கடிதம் போடுவதும் அரபு எழுத்தில் தமிழை எழுதித்தான். தமிழ் எழுத்தைக் கண்டால் கண் தானாக இடது ஓரத்திலிருந்து தொடங்கிவிடும். ஆனால் எக்ஸும் ஒய்யும் குறிகளுமாக, தமிழே இல்லாத ஒரு வரியைக் கண்டால் கண் தன் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. வலது ஓரத்தில் தொடங்கியிருக்கிறது. எனக்கே தெரியாமல்!

எண்கள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பன்னிரண்டை அரபியிலும் ஒன்றை இடப்பக்கமும் இரண்டை வலப்பக்கமும் வைத்துத்தான் எழுதுவார்கள். அதனால் எண் தப்பவில்லை. கூட்டலை எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான், அதுவும் தப்பவில்லை. கழித்தல் வரும் இடத்தில் மட்டும் விழுந்திருக்கிறேன். சில கணக்கு வருகிறது, சில வரவில்லை என்றால் இதுதான். விடையைச் சரிபார்த்தபோதும் அதே கண்ணால்தானே படித்தேன்? சரியாகத்தான் தெரிந்திருக்கும்.

எனக்கு அழவும் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது.

மாமிக்குத்தான் கோபம் வந்தது. "இன்னாடா சொல்ற? ஓதின கண்ணு தப்புன்றியா?"

"யாரும்மா தப்புன்னா? ஓதறதுக்கு அந்தப் பக்கம். கணக்குக்கு இந்தப் பக்கம். ஆர்பர்ல கப்பல் உள்ள வர்ற வழியும் வெளிய போற வழியும் ஒண்ணுதான். எந்தப் பக்கம் போறோம்னு தெரிஞ்சுகினு போவணும், அவ்ளோதான்."

மாமி தஸ்பீஹை இரண்டு சுற்று உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஜொகரா, ஓதறப்ப பிஸ்மில்லா சொல்லிட்டுத்தானே ஆரம்பிக்கிற? கணக்குக்கும் சொல்லிட்டு ஆரம்பி. கண்ணு எந்தப் பக்கம் போவணுமோ அந்தப் பக்கம் அவன் காட்டுவான்" என்றார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். வரியைத் தொடுமுன் பிஸ்மில்லா. பிறகு இடது கைச் சுட்டுவிரலை வரியின் இடது ஓரத்தில் ஊன்றி, வாய்விட்டுத் தமிழில் சொல்ல வேண்டும். "எக்ஸிலிருந்து ஒய் போனால்." சொல்லி முடித்த பிறகுதான் சாக்பீஸ் சிலேட்டில் படலாம். இடியாப்ப மாவு பிழியும்போதும், தெருவில் கடைப் பலகையைப் பார்க்கும்போதும் அதே வேலை. கழித்தல் கணக்காகத் தேடித் தேடிப் போட்டேன். புத்தகத்தில் தீர்ந்ததும் அவரே புதிதாகச் செய்து கொடுத்தார். அவர் செய்த கணக்குகளில் விடை பின்னமாக வந்து என் உயிரை வாங்கும். கேட்டால், "பரிட்சைல தேன் தடவித் தருவாங்களா?" என்பார்.

திருவொற்றியூரில்

பரீட்சைக்கு இடம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடம். வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, அவரோடு குதிரை வண்டியில் போனேன். வழியெல்லாம் ஆலைச் சங்கும் கடல் காற்றும். காலைத் தொங்கவிட முடியாமல் அவர் வண்டியில் குறுக்கே உட்கார்ந்து வந்தார். வாசலில் ஒரு வேப்பமர நிழலில் கட்டையை ஊன்றி நின்றுகொண்டு, "போ. நான் இங்கியே கீறேன்" என்றார்.

கேள்வித்தாளில் அது இருந்தது.

3x + 2y = 50
x − y = 5

பிஸ்மில்லா சொன்னேன். விரலை இடது ஓரத்தில் ஊன்றினேன். உதடு மட்டும் அசைய, எக்ஸிலிருந்து ஒய் போனால் ஐந்து. அப்படியானால் எக்ஸ் என்பது ஒய்யும் ஐந்தும். முதல் வரியில் எக்ஸ் இருந்த இடத்தில் அதை வைத்தேன். மூன்று ஒய்யும் பதினைந்தும், அதோடு இரண்டு ஒய்யும் சேர்ந்து ஐம்பது. ஐந்து ஒய் முப்பத்தைந்து. ஒய் ஏழு. எக்ஸ் பன்னிரண்டு.

உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. துண்டுத் தாளில், பழைய கண்ணால் படித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். எக்ஸ் எட்டு, ஒய் பதின்மூன்று. பின்னம் கின்னம் எதுவும் இல்லாமல் முழுசாக வந்தது! சந்தேகமே வந்திருக்காது. போன வருடம் இப்படித்தான் சிரித்த முகத்தோடு வெளியே போயிருக்கிறேன்.

பன்னிரண்டையும் ஏழையும் இரண்டு வரியிலும் திரும்ப வைத்தேன், விரலை ஊன்றி. முப்பத்தாறும் பதினாலும் ஐம்பது. பன்னிரண்டிலிருந்து ஏழு போனால் ஐந்து. மீதிக் கணக்குகளையும் அப்படியே பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வெளியே வந்ததும் அவர் கேட்டது, "கைய எங்க வெச்ச?"

"இந்தப் பக்கம்" என்று இடது கையைக் காட்டினேன்.

"வண்டி ஏறு. நேரா பெரிய டீச்சர் வூட்டுக்குப் போலாம்."

பெரிய டீச்சர்

ஏன் நேராக அங்கே என்றால், பயிற்சிப் பள்ளிக்குப் பெயர் அனுப்பும் கெடு அந்த வாரத்தோடு முடிந்தது. பரீட்சை முடிவு வர இன்னும் வெகுநாள் இருந்தது. எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர் அனுப்பலாம். அனுப்பியவர் தேறாவிட்டால் அந்த இடம் வீண். பெரிய டீச்சர் என் பெயரை இன்னும் அனுப்பியிருக்கவில்லை.

அவர் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். காதர் வாசலிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போய் நின்றேன்.

"எப்படி எழுதினே?"

"நல்லாப் போட்டேன் டீச்சர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போன தடவையும் இதையேதான் சொன்னே, ஜொகரா."

"சொன்னேன் டீச்சர்."

"உன்மேல எனக்குக் கோபம் இல்லம்மா. ஆனா ஒரு இடம்தான் இருக்கு. கர்த்தர் சாட்சியா சொல்றேன், உனக்குத்தான் கொடுக்கணும்னு ஆசை. ரிசல்ட் வராம எப்படி அனுப்புவேன்?"

கேள்வித்தாளை அவர் முன்னால் வைத்தேன். "இந்தக் கணக்கு டீச்சர். எக்ஸு பன்னண்டு, ஒய்யு ஏழு. நீங்களே வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். முதல் வரி. பிறகு இரண்டாம் வரி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தெருவில் ஒரு ரிக்ஷா மணி அடித்துக்கொண்டு போனது.

"மத்ததெல்லாம்?"

"திரும்ப வெச்சுப் பாக்க முடிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். போன தடவை எங்க விழுந்தேன்னு இப்பத்தான் தெரிஞ்சுது டீச்சர். அந்த எடத்துல இனிமே விழ மாட்டேன்."

"இருந்தாலும் ரிசல்ட்டுன்னு ஒண்ணு..."

எங்கிருந்து எனக்கு அவ்வளவு தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அல்லாஹ் கொடுத்தது என்பேன்.

"ரிசல்ட்டு உங்களுக்குத்தான் டீச்சர் இன்னும் வரணும். எனக்கு அங்கயே வந்துடுச்சு."

பெரிய டீச்சர் கேள்வித்தாளை ஓரமாக வைத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார்.

"முழுப் பேரைச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.